சாம்பல் குளத்தின் கரை: உடையும் முன் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

அனல்மின் நிலையங்களின் சாம்பல் குளத்தை ஒட்டிய ஊர்களிலிருந்து போகும் மனுக்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. சாம்பல் பறக்கிறது, கிணறு கெட்டுவிட்டது, உள்ளூர்க்காரனுக்கு வேலை இல்லை, போதாததற்குக் கரையும் கசிகிறது என்று நான்கு குறையையும் ஒரே தாளில் எழுதி, நீர்வளத் துறையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கரை கடைசி வரியில் கிடக்கிறது. அந்த வரியை எந்த அதிகாரியும் படிப்பதில்லை.

நீர்வளத் துறை, "அது எங்கள் ஏரி இல்லை" என்று கைவிரிக்கும். சட்டப்படி அது சரியும்கூட. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் ஆறுகள், துணையாறுகளின் குறுக்கே கட்டியவற்றுக்கானது. ஆற்றிலிருந்து விலகி, நாலு பக்கமும் மண் கொட்டி எழுப்பிய தொழிற்சாலைக் கரை அதற்குள் வராது. கிராமத்து ஏரிக்கு மதகும் கலிங்கும் பார்க்க ஆளுண்டு. அதைவிட உயரமான சாம்பல் கரையைப் பார்க்கும் பொறுப்பு, அதைக் கட்டிய நிறுவனத்திடமே இருக்கிறது.

அப்படி விட்டதன் பலனை மத்தியப் பிரதேசத்தின் சிங்கரௌலி மாவட்டம் பார்த்தது. 2019 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் இரண்டு மின் நிலையங்களின் கரைகள் உடைந்தன. 2020 ஏப்ரல் 10 அன்று சாசன் மின் நிலையத்தின் கரை உடைந்து, குழந்தைகள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். ஏப்ரல் மாதம் என்பதைக் கவனியுங்கள். மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ராணிப்பேட்டையிலும் 2015 ஜனவரி 31 அதிகாலையில், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் உறக்கத்திலேயே இறந்தார்கள்.

குளம் நிரம்ப நிரம்பக் கரையை உயர்த்துவார்கள். பல இடங்களில் புதுக் கரை நிற்பது பழைய சாம்பலின் மேல். நீர் ஊறிய சாம்பல் குலுங்கினால் குழம்பாகி ஓடும். எனவே கரையடியில் வரும் கசிவின் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீர் என்றால் எழுதி வையுங்கள். கலங்கலாகவோ சாம்பல் நிறத்திலோ வந்தால், உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். அன்றே புகார் போக வேண்டும். கரை மேல் நீளவாக்கில் வெடிப்பு, சரிவில் ஒரு பகுதி உள்வாங்கியிருப்பது, கரையின் விளிம்புக்கு நீர் நெருங்கியிருப்பது ஆகிய மூன்றும் அதே அவசரம்தான். கலங்கல் கசிவைப் பார்த்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077ஐ அழைத்து, அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மனு. கரைக்கென்று தனித் தாள். அதில் வேறு குறை ஒன்றும் வேண்டாம். ஒரு பிரதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. இன்னொன்று மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்று குறிப்பிட்டு ஆட்சியருக்கு. மூன்றாவது வருவாய்க் கோட்டாட்சியருக்கு. விழும் நிலையில் உள்ள கட்டுமானத்தைச் சரிசெய்ய நிபந்தனை ஆணையிடும் அதிகாரத்தை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் "கம்பெனி இடம், நாங்கள் போக முடியாது" என்ற பதில் தயாராக இருக்கும். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். ஒப்புகை இல்லாத மனு, கொடுக்காத மனு.

அதோடு தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் இன்னொரு விண்ணப்பம், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31 சாம்பல் அறிவிக்கை, சாம்பல் குளங்களின் பாதுகாப்புக்கு ஆண்டுதோறும் சான்று வேண்டும் என்கிறது. அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளையும், அவற்றை நிறைவேற்றியதாக நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் அறிக்கையையும் கேளுங்கள். நிறுவனம் தனியாருடையது என்றால் வாரியத்திடம் கேட்கலாம். அரசு நிறுவனமானால் 2(ஒ) பிரிவின்படி கரைப் பணியை நேரில் பார்வையிடவும், மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. இந்த உரிமையை ஏறக்குறைய யாரும் பயன்படுத்துவதில்லை. உயிர் சம்பந்தப்பட்டது என்று காரணத்தோடு எழுதினால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். மற்றபடி 30 நாள்.

அசையவில்லையா? தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 14ஆம் பிரிவு மனுவுக்கு ஆறு மாதம்தான் கெடு, இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100ஐ அழையுங்கள். தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

உடைந்துவிட்டால், சாம்பலை வாரும் முன் தேதியோடு படம் எடுங்கள். சிட்டா, அடங்கல், கால்நடை மருத்துவரின் சான்று, கிணற்று நீர்ப் பரிசோதனை எல்லாம் அந்த வாரத்திலேயே சேர வேண்டும். நிறுவனத்தின் ஆள் நிவாரணம் என்று நீட்டும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்காத தாளிலும் போடாதீர்கள்.

தகவல் வர ஒரு மாதம், மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒன்றரை மாதம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. விண்ணப்பத்தை ஜூலைக்குள் போட்டுவிடுங்கள்.