நாட்பட்ட மூட்டுக் காயமும் தேகப்பயிற்சியும்

பழைய மாணவர் ஆட்டம் நிகழும் நாளில் மைதானத்தின் ஓரத்தே நின்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒரு காலத்தில் பந்தோடு பறந்த அன்பர்கள் முழங்காலிற் பட்டி சுற்றிக்கொண்டு வருவர். அவருட் சிலர் பழைய வேகம் இன்னும் காலில் உண்டென்று எண்ணி ஓடி, மறுநாள் படுக்கையை விட்டெழ மாட்டாது வருந்துவர். வேறு சிலர் "எனக்குக் கால் சரியில்லை" என்று கதிரையில் அமர்ந்தவர். ஆண்டுகள் பல கழிந்தும் அக்கதிரையை விட்டு அவர் எழவேயில்லை. இவ்விரு கூட்டத்திலும் நான் இருந்திருக்கிறேன். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன் உடல்நலம் பற்றி எழுதப் புகுந்ததற்கு அதுவன்றி வேறு தகுதி எனக்கில்லை.

பதினேழாம் வயதில் உதைபந்தாட்டத்தின்போது என் வலது முழங்கால் திருகிற்று. எண்ணெய் பூசிக் கட்டினோம், வீக்கம் வடிந்தது, குணமாயிற்று என்றே எண்ணினோம். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் உள்ளே அறுந்திருந்தமை முப்பத்தெட்டாம் வயதிற்றான் தெரிய வந்தது. இத்தகைய நார் அறுந்தவருள் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் 10 முதல் 20 ஆண்டுகளுள் மூட்டுத் தேய்வு தோன்றுகின்றதென ஆய்வாளர் கூறுவர். நானும் அப்பாதியில் ஒருவனானேன். நோவுக்கு அஞ்சி நடையைக் குறைத்தேன். ஹாலிஎலச் சந்திக்குப் போகவும் முச்சக்கர வண்டியை அழைத்தேன். இரண்டாண்டில் உடல் 11 கிலோ பருத்தது, நோவோ குறையவில்லை. என்னைச் சோதித்த வைத்தியர், "காலைக் காப்பாற்றுவதாக நினைத்துக் காலைக் கெடுத்துக்கொண்டீர்கள், மாஸ்டர்" என்றார்.

அவர் கூற்றின் பொருளைச் சிறிது விளக்குவோம். மூட்டில் எலும்பின் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் போர்த்திருக்கின்றது. அதனுள்ளே குருதிக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் ஊறும் பாய்மமே அதற்கு உணவு. கடற்பஞ்சை அமுக்கி விடுங்கால் நீர் வெளியேறி மீண்டும் உட்புகுவது போல, நாம் காலை ஊன்றி எடுக்குந்தோறும் அப்பாய்மம் கசியிழையத்துட் சென்று மீளும். அசையாத மூட்டு உணவு குன்றிய மூட்டு என்க. அன்றியும், முழங்கால் நோவுற்றதும் தொடையின் முன்புறத் தசை விரைவில் மெலிகின்றது. அத்தசை மெலியவே மூட்டின்மேற் சுமை ஏறும். சுமை ஏறவே நோவு மிகும். நோவு மிகவே நடை குறையும். உடல் பருத்தாலும் கேடுதான். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைவதாகக் கணித்துள்ளனர். அக்கணக்கின்படி நான் ஏற்றிக்கொண்ட 11 கிலோ என் முழங்காலுக்கு எத்துணைச் சுமையாயிற்று என்பதை அன்பர்களே பெருக்கிப் பார்க்கலாம்.

நம் ஊவா மலைநாட்டார்க்கு இதில் தனியொரு சிக்கலும் உண்டு. சமநிலத்தார் எழுதும் நூல்கள் "நடவுங்கள்" என்று சொல்லி அமையும். எமக்கோ வாசலை விட்டிறங்கினாற் படிகள். படிகள் முடிந்தாற் சரிவு. ஏறுவதே கடினம் என்று பலர் கருதுவர். மூச்சுக்கு அது மெய். முழங்காலுக்கு இறக்கமே பெரும்பாலும் கொடிது. படியிறங்கும்போது முழங்கால் உடலெடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் தாங்குகின்றது. பண்டாரவளையிலிருந்து தெமோதரை வழியாகப் பதுளைக்கு இறங்கும் புகைவண்டிக்கு எஞ்சினினும் பிரேக்கே முக்கியம் அன்றோ? நம் உடலில் அந்தப் பிரேக் தொடைத் தசையே. அது தளர்ந்தால் அதிர்ச்சி முழுவதும் மூட்டில் விழும். ஆதலின் இறங்கும்போது நோவுள்ள காலை முதலில் வைத்தல் வேண்டும். ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்தல் வேண்டும். கைத்தடியை நோவுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையிற் பிடித்தல் வேண்டும். பெரும்பாலோர் இதனை மாற்றியே பிடிக்கின்றனர். நானும் அவ்வாறே பிடித்தேன்.

என் அன்னையார் முப்பதாண்டு கொழுந்தெடுத்தவர். பயிற்சி பற்றிப் பேசியபோது, "ஏன்யா, நான் ஏறாத மலையா? எனக்கென்னத்துக்குப் பயிற்சி?" என்றார். விடை கூற எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. கூடை சுமந்து மலையேறுதல் உழைப்பு. அதில் அளவை வகுப்பது உடலன்று, வேலை. நொந்த மூட்டுக்கு ஆறுதற் பொழுது கிட்டுவதில்லை. பயிற்சியோ நம் வலிமைக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் கூட்டப்படுவது. தோட்டத்துப் பெண்கள் பலர் கடையில் நோவு மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போகின்றனர். அத்தகைய மாத்திரைகளுட் பல, நாள்தோறும் உண்டால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுப்பன. நோவின் குரலை அடக்கிவிட்டு அதே சுமையைச் சுமப்பதும் நன்றன்று.

அன்னையாரும் நானும் இப்போது செய்வது எளியது. கதிரையில் அமர்ந்து காலை நேரே நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்திப் பின் இறக்குதல். கையூன்றாது கதிரையிலிருந்து எழுந்து மெல்ல அமர்தல். ஒவ்வொன்றும் பத்துத் தடவை. தொடக்கத்தில் அன்னையார்க்கு மூன்று தடவையே இயன்றது. மாலையிற் சமதரையில் நடக்கிறோம். நீச்சல் மிக நன்று என்பர். தடாகம் அருகே வாய்த்தவர் அதனைப் பயன்படுத்துக. பயிற்சியாற் சிறிது நோவு தோன்றுதல் இயல்பு. அது மறுநாட்குள் அடங்கினால் அளவு சரி. அடங்காவிடில் அல்லது மூட்டு வீங்கினால் அளவைக் குறைத்தல் வேண்டும், முற்றாக நிறுத்த வேண்டுவதில்லை. நாட்பட்ட நோயுடையார்க்கும் வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலசைவு தகுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. நாளொன்றுக்கு அரைமணி நேரமாக ஐந்து நாட் செய்தாற் போதும். முழங்கால் இடந்தராத நாளிற் கைகளுக்கும் தோள்களுக்கும் பயிற்சி கொடுக்கலாம். ஒரு மூட்டு பழுதுற்றதற்காக உடல் முழுவதற்கும் விடுமுறை அளிப்பானேன்?

தோட்டத் தொழிலுக்கென வந்தவரின் பேரனாகிய முத்தையா முரளிதரனை இளைஞர் அறிவர். 2004இல் அவரது வலது தோளிற் சத்திரசிகிச்சை நடைபெற்றது. பந்துவீச்சாளனுக்குத் தோளே முதல். அவர் பல மாதம் பொறுத்திருந்து 2005இல் ஆட்டத்திற்கு மீண்டார். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். அவற்றுள் 200க்கு மேற்பட்டவை சிகிச்சைக்குப் பின் பெற்றவை. பாராட்டுவோர் விக்கெட்டுகளை எண்ணுவர். நான் வியப்பது அவர் பந்தைத் தொடாதிருந்த மாதங்களை. காயமுற்ற மறுவாரமே மைதானத்தில் இறங்கும் மாணவர்க்கு இதனை அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கின்றது.

எல்லா நோவையும் பயிற்சியால் தீர்க்க முயலுதல் கூடாது. மூட்டு திடீரெனச் சிவந்து சூடேறி வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. கால் மடங்கியபடி பூட்டிக்கொண்டாலும், நடக்கையில் அடிக்கடி நழுவினாலும் வைத்தியரிடம் காட்டாது காலங்கடத்தலாகாது. என் பதினேழாம் வயதில் எவரேனும் இதனைச் சொல்லியிருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

அந்த 11 கிலோவில் 7 கிலோ இறங்கிவிட்டது. விழா ஆட்டத்திற் பந்தைத் தொடுவதற்கு வைத்தியர் இசையவில்லை. கோட்டுக் காவலராக நிற்கலாம் என்றார். கொடியை இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். அன்னையாரும் மைதானத்துப் படிகளைத் தடியூன்றி இறங்கி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.