உஷார்! பூசுகிற மண் வயிற்றுக்குப் போகிறது

முல்தானி மட்டி இப்போது முகத்தோடு நிற்பதில்லை. கட்டி கட்டியாக அதை மொறுமொறுவென்று கடித்துத் தின்னும் வீடியோக்கள் கைப்பேசியில் ஓடுகின்றன. இன்னொரு பக்கம், பென்டோனைட் களிமண்ணைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் உடம்பிலுள்ள நஞ்செல்லாம் இறங்கிவிடும் என்று வியாபாரம். இரண்டையும் நம்பிவிடாதீர்கள்.

இந்த வகை மண் எதையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். சமையல் எண்ணெய் ஆலையில் எண்ணெயின் நிறத்தை எடுப்பது இதுதான். பவுண்டரியில் மணல் அச்சு உதிராமல் நிற்பதும், குப்பைக் கிடங்கின் அழுக்குநீர் நிலத்தில் இறங்காமல் இருப்பதும் பென்டோனைட்டின் உபயம். பாராகுவாட் களைக்கொல்லியைக் குடித்துவிட்டவருக்குக்கூட ஆஸ்பத்திரியில் இவ்வகை மண்ணைக் கொடுப்பதுண்டு. ஆனால் வயிற்றுக்குள் போன களிமண்ணுக்கு நஞ்சு எது, சத்து எது என்று பார்க்கத் தெரியாது. இரும்பு, பொட்டாசியம், நீங்கள் காலையில் போட்ட மாத்திரை, எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும்.

அதிகம் பயப்பட வேண்டியது கர்ப்பிணிகளுக்காக. மசக்கையில் மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி தின்பது நம் வீடுகளில் புதிதல்ல. "வாய்க்கு ஆசையா இருக்கு, தின்னுட்டுப் போறா" என்று பெரியவர்களே விட்டுவிடுவார்கள். இந்த ஆசை பல நேரம் ரத்தசோகையின் அறிகுறி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிவிட்டு மேலே மண்ணையும் தின்றால், மாத்திரையின் பலனை மண்ணே தின்றுவிடும். சோகை தீராது, மண் ஆசையும் விடாது. மலச்சிக்கலும் குடற்புழுவும் தனி.

"இயற்கையானதுதானே" என்பார்கள். ஈயமும் ஆர்செனிக்கும் இயற்கைதான்! 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கே விற்ற இரண்டு பென்டோனைட் தூள்களில் ஈயம் அதிகம் இருப்பதாக எச்சரித்தது. 1997இல் அதே நாட்டில் கோழியிலும் கெளுத்தி மீனிலும் டையாக்சின் என்ற நஞ்சு அகப்பட்டது. தேடிப்போனால், தீவனத்தில் கலந்த மிசிசிப்பிச் சுரங்கக் களிமண்! பார்வைக்கும் ருசிக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

முல்தானி மட்டிப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருக்கலாம். எழுதாவிட்டாலும் அதுதான் விதி. வீட்டில் யாராவது மண் தின்றால் திட்டாதீர்கள், ஒளிந்து தின்பார்கள். ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்; மண் தின்பதை நர்ஸிடமோ டாக்டரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள்.