அனுசாட்டுக்கு வாய்க்காத உந்துபொறி

சென்னை அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கி, 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி12 ஏவூர்தி சுமந்து சென்ற அனுசாட், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் என்ற பெருமைக்குரியது. சுமார் 40 கிலோ எடையுள்ள அக்கோளில் அதன் பாதையை மாற்றக்கூடிய உந்துபொறி இல்லை. சில நூறு கிலோமீட்டர் உயரத்திலும் மிக மெல்லிய காற்று எஞ்சியிருப்பதால், அதன் உராய்வில் சிறிது சிறிதாக உயரம் இழந்து, 2012 ஏப்ரலில் அது வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.

அந்த உராய்வையே கருவியாக்கிக் கொள்வதும் உண்டு. 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி.-சி37 ஏவிய 104 கோள்களில் 88, அமெரிக்காவின் பிளானட் நிறுவனத்தின் டவ் கோள்கள். உந்துபொறியற்ற இவை, காற்றுக்குக் காட்டும் பரப்பைத் திருப்பிக் கூட்டியும் குறைத்தும் தமக்குள் இடைவெளி அமைத்துக்கொண்டன. நுட்பமான வழிதான், எனினும் இதனால் உயரத்தைச் செலவிட முடியுமே தவிர, இழந்ததை மீட்க முடியாது.

மீட்பதற்கு உந்துபொறி வேண்டும்; அதில் சிக்கனமானது மின் உந்துவிசை. கோள்களில் வேதி எரிபொருள் எரிந்து வெளியேறும் வாயு நொடிக்கு 2 அல்லது 3 கிலோமீட்டர் வேகமே பெறுகிறது. செனான் வாயுவின் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கி, அவ்வாறு மின்னேற்றம் பெற்ற அயனியை மின்புலத்தால் விரட்டினால், அது நொடிக்கு 15 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வெளியேறும். வேகம் கூடும் அளவுக்கு எரிபொருள் தேவை குறைகிறது. ஆனால் ஒரே மின்திறனில் வேகத்தைக் கூட்டினால் தள்ளுவிசை குறையும் என்பதால், சூரியத்தகடு சிறுத்த கோளில் உண்மையான தட்டுப்பாடு எரிபொருளில் அன்று, மின்சாரத்தில்தான். கிடைக்கும் விசை 1 மில்லிநியூட்டன் அளவே, அதாவது பூமியில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கின் எடை. ஆகவே பொறி நாள்கணக்கில், வாரக்கணக்கில் இயங்க வேண்டும். தொடர்ந்து முன்னோக்கித் தள்ளப்படும் கோள், வேகம் கூடுவதற்கு மாறாக, மேலேறி மெதுவாகச் சுற்றிப் பின்தங்குகிறது. முன்னே செல்லும் கோளை எட்டிப்பிடிக்க வேண்டுமானால் பின்னோக்கித் தள்ளிக் கீழிறங்க வேண்டும்.

செனானுக்கு உயர் அழுத்தக் கலன் தேவை. பிரான்சின் திரஸ்ட்மீ நிறுவனம், அத்தகைய கலனின்றித் திடநிலையில் வைத்துச் சூடாக்கினால் ஆவியாகும் அயோடினைப் பயன்படுத்தி, 2020 நவம்பரில் ஏவப்பட்ட சிறு சீனக் கோள் ஒன்றின் பாதையை மாற்றிக் காட்டியது.

இந்தியாவில் 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி58இன் நான்காம் நிலையில், பெங்களூருவின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் தன் மின் உந்துபொறிக்கான எதிர்மின்வாயைச் சோதித்தது. நேர்மின் அயனிகள் மட்டும் வெளியேறினால் கோள் எதிர்மின்னேற்றம் பெற்று அவற்றையே திரும்ப இழுத்துக்கொள்ளும்; கூடவே எலக்ட்ரான்களை உமிழ்ந்து அதைத் தடுப்பது எதிர்மின்வாயின் வேலையாதலால், பொறிக்கு முன்பே அந்தச் சிறு உறுப்பை விண்வெளியில் சோதித்தது சரியான வரிசையே.