தறியும் கலாசாலையும்

திருவள்ளூர் ஜில்லா பள்ளிப்பட்டுத் தாலுகாவில் உள்ள பொதட்டூர்பேட்டை நெசவை நம்பி வாழும் ஊர். கைத்தறியின் ஓசை கேட்டுக்கொண்டிருந்த வீதிகளில் இப்பொழுது விசைத்தறியின் இரைச்சல் கேட்கிறது. யந்திரம் மாறிற்றேயன்றிப் பாவும் ஊடையும் மாறவில்லை. நூல் விலை ஏறினால் வீட்டில் அடுப்பு தணிவதும் மாறவில்லை. அவ்வூரில் நெசவாளி வீட்டுப் பிள்ளை ஒருவன் பள்ளிக்கூடப் படிப்பை முடித்ததும் அவன் முன்னே இரண்டு வழிகள் நிற்கின்றன. தறிக் கொட்டகைக்குள் நுழைந்தால் அதுவரை படித்ததை மறந்துவிட வேண்டும். கலாசாலைக்குப் போனால் தறியை மறந்துவிட வேண்டும். தந்தைக்குத் தெரிந்த வித்தையைப் பற்றிக் கலாசாலையில் ஒருவரும் அவனைக் கேட்பதில்லை. கலாசாலையில் கற்றதைப் பற்றி வீட்டில் கேட்பாரும் இல்லை. மூன்று வருஷம் கழித்துப் பட்டத்தோடு திரும்புகிறவன் கும்மிடிப்பூண்டியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஆலை வாசலில் மனுவுடன் நிற்கிறான். அந்த ஆலைக்கு அவன் படித்த சரித்திரமும் வேண்டாம், அவன் தந்தையின் நெசவும் வேண்டாம்.

தறியும் கலாசாலையும் ஒன்றையொன்று அறியாத இரண்டு உலகங்களாக இருந்துதான் தீர வேண்டுமா? இக் கேள்விக்கு விடை சொன்னவர் பொதட்டூர்பேட்டைக்கு அடுத்த திருத்தணியிலேயே பிறந்தவர் என்பது நம்மில் பலருக்கு நினைவில்லை.

1948-ஆம் வருஷம் நவம்பர் மாதம் இந்திய சர்க்கார் சர்வகலாசாலைக் கல்வியை ஆராய ஒரு கமிஷனை நியமித்தனர். அதற்குத் தலைமை வகித்தவர் டாக்டர் ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன். விஞ்ஞானி மேகநாத ஸாஹா, ஜாகீர் ஹுஸேன், நமது சென்னைச் சர்வகலாசாலையின் உபாத்தியக்ஷர் லக்ஷ்மணஸ்வாமி முதலியார் முதலிய பதின்மர் அதில் இருந்தனர். 1949 ஆகஸ்டில் அறிக்கை வெளிவந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் பரீட்சை முறையை அது கண்டித்ததைச் சொல்வார்கள். கூடிய சீக்கிரத்தில் ஆங்கிலத்தின் ஸ்தானத்தில் இந்திய பாஷைகள் போதனா மொழியாக வேண்டும் என்று அது கூறியதைச் சொல்வார்கள். கிராம சர்வகலாசாலைகளைப் பற்றி அதில் ஒரு முழு அத்தியாயம் இருப்பதை மட்டும் சொல்வதில்லை. நமது நாட்டு ஜனங்களில் பெரும்பாலோர் வாழும் இடத்தில் உயர்தரக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு, வழியும் காட்டிய அத்தியாயம் அது.

அது கூறிய திட்டம் இதுதான். நடுவில் ஒரு சர்வகலாசாலை. அதைச் சுற்றி வளையம் போல் சிறு சிறு கலாசாலைகள். ஒவ்வொன்றிலும் முந்நூறு மாணாக்கர் அளவில், எல்லாம் சேர்ந்து 2,500-க்கு மிகாமல். மாணாக்கர் அங்கேயே தங்குவர். அவர்களுடைய காலத்தில் ஏறக்குறையச் சரிபாதி படிப்புக்கு, மறுபாதி தொழிலுக்கு. தொழில் என்றால் பொழுதுபோக்காக நூற்பதன்று. சுற்று வட்டாரத்தில் ஜனங்கள் எதைச் செய்து பிழைக்கிறார்களோ அதை விஞ்ஞான பூர்வமாகச் செய்து பார்ப்பது.

காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன் வைத்த ஆதாரக் கல்வியின் சாயலை இதில் எவரும் காணலாம். அதற்குப் பாடத்திட்டம் வகுத்த கமிட்டியின் தலைவர் ஜாகீர் ஹுஸேன் இந்தக் கமிஷனிலும் இருந்தார். ஆனால் மற்றொரு கையும் இதில் உண்டு. அங்கத்தினரில் ஒருவரான ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கர் வெறும் உபாத்தியாயர் அல்லர். அணைகள் கட்டிய இஞ்சினீயர். ஓஹையோ மாகாணத்தில் நலிந்து கிடந்த ஆன்டியாக் கலாசாலையின் தலைமையை 1920-இல் ஏற்று, மறு வருஷமே அங்கே ஒரு புதுமையைப் புகுத்தினார். மாணாக்கர் சில வாரம் வகுப்பில் படிப்பார்கள். சில வாரம் வெளியே சென்று ஆலையிலோ காரியாலயத்திலோ சம்பளத்திற்கு வேலை செய்வார்கள். பிறகு மீண்டும் வகுப்பு. அதே மாகாணத்துச் சின்சினாட்டி நகரில் 1906 முதலே இஞ்சினீயரிங் மாணாக்கருக்கு இம்முறை இருந்தது. இலக்கியம் படிப்பவனுக்கும் அது பொருந்தும் என்று காட்டியது மார்கனின் வேலை. இவ்வாறு சேவாக்கிராமத்தின் கருத்தும் ஓஹையோவின் அனுபவமும் திருத்தணியில் பிறந்தவரின் தலைமையில் ஒன்று கூடின.

பிறகு நடந்தது என்ன? 1956-இல் இந்திய சர்க்கார் கிராம உயர்கல்வி ஸ்தாபனங்களைத் தேசத்தின் பல பாகங்களில் துவக்கினர். தமிழ்நாட்டுக்கு இரண்டு கிடைத்தன. ஒன்று, ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் 1930-இல் ஆரம்பித்த கோயமுத்தூர் ராமகிருஷ்ண வித்யாலயத்தில். மற்றொன்று, திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தில். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் இருப்பது சின்னாளப்பட்டியின் அண்டையில். அதுவும் பொதட்டூர்பேட்டையைப் போல நெசவாளர் ஊர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இளமையிலேயே கணவனை இழந்து, பின்னர் டில்லி சென்று வைத்தியம் படித்துத் தேறிய அந்த அம்மையார், வசதியான பட்டணத்து வாழ்வை விட்டுக் கிராமத்து ஸ்திரீகளிடையே வேலை செய்யத் துணிந்தார். மாணாக்கர் கிராமங்களில் தங்கி, கணக்கெடுத்து, குடிநீரையும் குழந்தைகளின் நோயையும் பாடமாகப் படிக்கும் வழக்கம் அந்த ஸ்தாபனத்தில் வேரூன்றியது. 1976-இல் அது சர்வகலாசாலை அந்தஸ்தும் பெற்றது.

ஆயினும் இந்தச் சரித்திரத்தில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. கிராம ஸ்தாபனங்கள் மூன்று வருஷப் படிப்புக்குப் பின் கொடுத்தது பட்டமன்று, டிப்ளோமா. உத்தியோக விஷயத்தில் அது பட்டத்திற்குச் சமம் என்று மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்டும், மேற்படிப்புக்கு அதை ஏற்கப் பல சர்வகலாசாலைகள் தயங்கின. கையால் வேலை செய்து கற்றவன் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கற்றவனுக்கு ஒரு படி தாழ்ந்தவன் என்ற எண்ணம் நமது படித்த வகுப்பாருக்கு அவ்வளவு எளிதில் போய்விடுமா? தங்கள் பிள்ளைகளைச் சென்னைக் கலாசாலைகளுக்கு அனுப்பிவிட்டுப் பிறர் பிள்ளைகளுக்குக் கிராமக் கல்வியின் பெருமையை உபதேசித்தவர்கள் எத்தனை பேர்! கிராமத்தார் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விளைவு, அந்த ஸ்தாபனங்களில் பலவும் காலப்போக்கில் சாதாரணக் கலாசாலைகளாகவே மாறின. முறை தோற்கவில்லை, முத்திரைதான் தோற்றது.

இந்த இடத்தில் நேயர்களில் பலர் ஓர் ஆக்ஷேபம் கிளப்புவார்கள் என்பதை நாம் அறிவோம். நெசவாளி மகனுக்கு நெசவுக் கல்வி என்றால், அது குலக் கல்வியல்லவா? நியாயமான கேள்விதான். 1953-இல் ராஜாஜி மந்திரிசபை ஆரம்பப் பள்ளிகளில் பாடவேளையைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தபோது, தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் காமராஜ் முதல் மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது சரியே என்பது நமது அபிப்பிராயம். எட்டு வயதுக் குழந்தையின் எதிர்காலத்தை அதன் தகப்பனார் செய்யும் தொழிலைக் கொண்டு நிர்ணயிக்க எந்த சர்க்காருக்கும் அதிகாரமில்லை.

நாம் கேட்பது அதுவன்று. பதினெட்டு வயது நிரம்பி, வேறு எந்தப் படிப்பிலும் சேர உரிமையுள்ளவன் தானாகத் தேர்ந்துகொள்ளும் ஒரு படிப்பு வேண்டும் என்கிறோம். நெசவாளி மகனும் சேரலாம், வைதிகர் மகனும் சேரலாம், உழவன் மகளும் சேரலாம். நெசவாளி மகன் அதை வேண்டாமென்று ஒதுக்கி வைத்தியமோ வக்கீல் தொழிலோ படிக்கட்டும். அதற்கும் எவ்விதத் தடையும் கூடாது. தொழிலைப் பிறப்போடு கட்டுவது வேறு. தொழிலுக்குள் இருக்கும் அறிவைச் சர்வகலாசாலையின் படியில் ஏற்றுவது வேறு. இவ்விரண்டையும் குழப்பியதால் எழுபது வருஷமாக நாம் நஷ்டம் அடைந்திருக்கிறோம்.

தறியில் அப்படி என்ன அறிவு இருக்கிறது என்று கேட்பாருக்கு ஒரு கணக்குச் சொல்லுவோம். பருத்தி நூலின் நம்பர் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதைக் குறிப்பது. நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம். ஐம்பது அங்குல அகலத்தில் அங்குலத்திற்கு அறுபது இழை வீதம் மூவாயிரம் இழையுள்ள நூறு கஜப் பாவுக்கு மூன்று லட்சம் கஜ நூல் வேண்டும். அதாவது சுமார் ஒன்பது பவுண்டு. அதையே அறுபதாம் நம்பரில் போட்டால் ஆறு பவுண்டு போதும். கைதேர்ந்த நெசவாளி இக் கணக்கைக் காகிதமின்றிப் போடுகிறான். சேதாரத்தையும் சுருக்கத்தையும் கூட்டிக் கழித்து, நூற்கடையில் நின்றபடியே விலை சொல்லுகிறான். அவன் மகன் கலாசாலையில் கணிதம் படிக்கிறான். ஆனால் தகப்பனாருக்குத் தெரிந்த இது கணிதம் என்று அவனுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

சாயத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் கரையாத வாட் சாயத்தைக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸல்பைட்டும் சேர்த்துக் கரைத்து, நூலை அதில் நனைத்து வெளியே எடுக்கிறார்கள். காற்றுப் பட்டதும் நிறம் திரும்பி, சாயம் நூலுக்குள்ளேயே மறுபடியும் கரையாப் பொருளாக நின்றுவிடுகிறது. ரசாயன சாஸ்திரத்தில் ஆக்ஸிஜன் ஏற்றம், இறக்கம் என்று இரண்டு மாதம் கரும்பலகையில் எழுதிப் போடும் பாடம் இதுவே. அந்தத் தொட்டி நீர் ஓடையில் கலந்தால் கிணறு கெடுவானேன், அதைச் சுத்திகரிப்பது எப்படி என்பதும் அதே பாடத்தின் அடுத்த பக்கம். சாயப்பட்டறைகள் உள்ள ஊர்களில் அந்தப் பக்கத்தைக் கற்றவர்களே இன்று அவசரமாகத் தேவைப்படுகிறார்கள்.

இன்னும் ஒன்று. துணியில் பூ வேலைக்கு உபயோகிக்கும் துளையிட்ட அட்டையை 1804-இல் பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு தறியில் பொருத்தினார். துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. அந்த அட்டையைக் கண்டே இங்கிலாந்தில் பாபேஜ் கணக்குப் போடும் யந்திரம் ஒன்றைக் கற்பனை செய்தார். 1890-இல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஹாலரித் எண்ணியதும் துளை அட்டைகளைக் கொண்டுதான். இன்று நமது இளைஞர்கள் கம்ப்யூட்டர் படிக்கப் பஸ் ஏறிப் போகிறார்கள். அதன் மூதாதை தறியின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்ததை அவர்கள் பாடப் புத்தகம் அவர்களுக்குத் தெரிவிக்கிறதோ?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்விக்கென்றே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. சர்வகலாசாலை மானியக் குழு 2014-இல் தொழிற்கல்விப் பட்டப் படிப்புகளை ஆரம்பித்தது. 2020-இல் தொழில் பழகுதலையும் பட்டப் படிப்போடு இணைக்கலாம் என்றது. 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் துவக்கினர். இவையெல்லாம் வரவேற்கத் தக்கவை. ஆனால் இவற்றில் பெரும்பாலும், எங்கோ இருக்கும் ஆலைக்கு ஏற்றபடி மாணாக்கனைத் தயார் செய்வதே நோக்கமாக இருக்கிறது. அவன் ஊரில் இருக்கும் தொழிலை உயர்த்துவதற்கு அவனைத் தயார் செய்வது நோக்கமன்று. கம்பெனி எதைக் கேட்கிறது என்பதைக் கண்டறியக் கூட்டங்கள் நடக்கின்றன; தறிக்காரர் எதைக் கேட்கிறார் என்று அறிய எத்தனை கூட்டங்கள் நடந்தன?

திருத்தணிப் பிரதேசம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அங்குள்ள ஜனங்கள் கிளர்ச்சி செய்து, சிறை சென்று, 1960-இல் அதைச் சாதித்தார்கள். தம் பாஷையில் ஆட்சியும் கல்வியும் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். எல்லை கிடைத்துவிட்டது. திருத்தணியில் சர்க்கார் கலைக் கல்லூரியும் கிடைத்துவிட்டது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு ஆகிய ஊர்களின் தொழிலுக்கு அங்கே ஆசனம் கிடைக்க வேண்டியது பாக்கி.

அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, பெருந்தொகையும் தேவையில்லை. நெசவையும் சாயத்தையும் நூல் வியாபாரத்தையும் கூட்டுறவு முறையையும் பொருளாகக் கொண்ட பட்டப் படிப்பு ஒன்றை, தமிழிலேயே போதிக்கும்படி அங்கே ஏற்படுத்தலாம். வாரத்தில் பாதி நாள் வகுப்பு, பாதி நாள் ஊரில் உள்ள தறிக் கொட்டகைகளிலும் சாயப்பட்டறைகளிலும் வேலை. அந்த வேலைக்குக் கூலி உண்டு, மார்க்கும் உண்டு. கொடுப்பது டிப்ளோமாவன்று, மற்றப் பட்டங்களோடு எல்லா விதத்திலும் சமமான பட்டம். 1956-இல் செய்த பிழையை மறுபடியும் செய்யக் கூடாது.

போதிப்பவர் யார் என்ற பிரச்னைக்கும் விடை இருக்கிறது. சர்வகலாசாலை மானியக் குழு 2022-இல் வகுத்த விதிகளின்படி, பதினைந்து வருஷம் தொழிலில் தேர்ந்த அநுபவமுள்ளவரைப் பட்டம் இல்லாவிட்டாலும் பேராசிரியராக அமர்த்தலாம். அனுமதிக்கப்பட்ட ஸ்தானங்களில் பத்தில் ஒரு பங்கு வரை இப்படி நியமிக்க இடமுண்டு. கம்பெனி நிர்வாகிகளும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் தமக்கென்றே இவ்விதி ஏற்பட்டதாக நினைக்கக்கூடும். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவருக்கு இதில் இடமில்லை என்று எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே அந்தப் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், பேரூராட்சி அங்கத்தினர்களும், பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள வாலிபர்களும் ஒன்று கூடி, இப்படிப்பட்ட படிப்பைத் துவக்க வேண்டும் என்றும், தங்கள் ஊரில் தகுதியுள்ள நெசவாளிகளும் சாயக்காரரும் இன்னின்னார் என்றும் பெயர் குறித்து, கல்லூரிக்கும் உயர்கல்வி மந்திரிக்கும் எழுத்து மூலம் மனு அனுப்ப வேண்டும். பாடத்திட்டக் குழு அடுத்த தடவை கூடுவதற்கு முன் அது அவர்கள் மேஜையில் இருக்கட்டும்.