ஜட்ஜ் எதிர்த்தரப்பு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று தோன்றினால்

பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் தோற்றுவிட்டு வெளியே வரும் பலர் முதலில் சொல்வது, "ஜட்ஜ் அந்தப் பக்கம் சாஞ்சிட்டாரு" என்பதுதான். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். முத்துப்பேட்டையில் இருக்கும் உங்களுக்கு அப்போது என்ன வழி?

முதலில், எது பாரபட்சம்? உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தது மட்டும் பாரபட்சம் ஆகாது. வாய்தா தர மறுப்பதும், கடுத்துப் பேசுவதும்கூட ஆகாது.

பிள்ளையை மட்டும் தன் அறைக்குள் கூப்பிட்டுப் பேசுகிறாரே? மூடிய கதவுக்கு வெளியே, பிள்ளையின் பள்ளிப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே சொல்கிறது. அம்மாவும் அப்பாவும் எதிரே இருந்தால் பிள்ளை மனம் விட்டுப் பேசாது. தனி அறை அதற்காகத்தான்.

எதிர்த்தரப்போடு நீதிபதிக்கு உறவோ பணத் தொடர்போ இருப்பது, உங்கள் சாட்சியைக் கேட்கும் முன்பே முடிவைச் சொல்லிவிடுவது, இவைதான் சட்டம் பாரபட்சம் என்று எடுத்துக்கொள்பவை.

இன்னொரு வகை உண்டு. என் கணிப்பில் அதிகம் பேரைப் பாதிப்பது அதுதான். "வேலைக்குப் போகிற பொம்பளைக்குப் பிள்ளையைப் பார்க்க நேரம் ஏது", "சவூதியில் இருக்கிற தகப்பனுக்குப் பிள்ளைமேல் என்ன பாசம்" என்ற ஊர்ப்பேச்சு அப்படியே தீர்ப்புக்குள் நுழைந்துவிடுவது. இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே பதில் இருக்கிறது. 2010-இல், வேலைக்காக ஆஸ்திரேலியா போகும் தாய் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்றது. ஐந்து வயதுக்குக் கீழுள்ள இந்துக் குழந்தை என்றால், தாய் தகுதியில்லாதவர் என்று காட்டவேண்டிய பொறுப்பு தகப்பனுடையது என்று 2015-இல் சொன்னது. பெண்களைப் பற்றிய இப்படிப்பட்ட முன்முடிவுகளைத் தீர்ப்பில் தவிர்க்கச் சொல்லி 2023-இல் நீதிபதிகளுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. உங்கள் தீர்ப்பில் அப்படி ஒரு வரி இருந்தால் அடிக்கோடிட்டு வக்கீலிடம் காட்டுங்கள். அப்பீலில் அந்த வரிக்குப் பலம் அதிகம்.

வழக்கு நடக்கும்போதே சந்தேகம் வந்தால்? காத்திருக்காதீர்கள். எந்தத் தேதியில், யார் முன்னிலையில், என்ன சொல்லப்பட்டது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். "தீர்ப்பு வரட்டும், தோற்றால் சொல்வோம்" என்று இருந்துவிட்டால் பிறகு எடுபடாது. தெரிந்தும் சும்மா இருந்தவர் பின்னால் பாரபட்சம் என்று கிளப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1957-இலேயே சொல்லிவிட்டது.

தீர்ப்பு வந்துவிட்டதா? இனி நாள்தான் முக்கியம். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு என்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு (அப்பீல்) செய்ய வேண்டும். இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரிப்பார்கள். குடும்ப நீதிமன்றம் இல்லாமல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தால் கெடு வேறு. ஆனாலும் 30 நாளையே உங்கள் கணக்காக வைத்துக்கொள்வது நல்லது.

தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள். கையில் கிடைக்கும் நகலில் ஒரு முத்திரை இருக்கும்: மனு போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி. நகல் தயாராக நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாட்கள் அந்த 30-இல் சேராது. நீங்கள் பணம் கட்டாமலும் வாங்காமலும் கடத்திய நாட்கள் சேரும்.

எங்கே போவது, சென்னையா மதுரையா? இதில் பலர் குழம்புகிறார்கள். பக்கத்து அதிராம்பட்டினம் தஞ்சாவூர் மாவட்டம், அவர்களுக்கு மதுரைக் கிளை. முத்துப்பேட்டை திருவாரூர் மாவட்டம். உங்கள் வழக்கு திருவாரூர் மாவட்டத்தில் நடந்தது என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

அப்பீல் போட்டதும் பிள்ளையை ஒப்படைக்க வேண்டியதில்லையா? அப்படி இல்லை. தடையாணை (உத்தரவை நிறுத்திவைப்பது) தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்கும்வரை கீழ்க்கோர்ட் உத்தரவுதான் செல்லும். இடையில் பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டில் ஒளித்து வைத்தால், உங்களுக்குச் சாதகமாக இருந்த வழக்கையும் நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

இடைக்கால உத்தரவு (வழக்கு முடியும்வரை மட்டும் இருப்பது) என்றால்? குடும்ப நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. சீராய்வு மனு (உத்தரவு சரிதானா என்று மேல் நீதிமன்றத்தைப் பார்க்கக் கேட்பது) போடுவது வழக்கம்.

ஜமாஅத்திலோ ஊர்ப் பஞ்சாயத்திலோ ஏற்கெனவே பேசி முடித்திருந்தால்? இரண்டு பக்கமும் மனமொத்து நடந்தால் நல்லதுதான். ஆனால் பிள்ளையின் நலனுக்கு எது சரி என்று பார்ப்பதிலிருந்து அந்தப் பேச்சு நீதிமன்றத்தைத் தடுக்காது.

அப்பீலிலும் தோற்றால் பிள்ளையை இழந்ததுதானா? இல்லை. சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில், உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒன்று சொல்ல, இரு நீதிபதி அமர்வு அதை மாற்ற, 1973-இல் உச்ச நீதிமன்றம் அமர்வின் உத்தரவை ரத்து செய்து தாய்க்குச் சாதகமாகத் தீர்த்தது. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற உத்தரவு நிலையானதல்ல, நிலைமை மாறினால் அதையும் மாற்றலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 2025 ஜூலையில், தகப்பனிடம் பிள்ளையை ஒப்படைக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றமே திரும்பப் பெற்றது. அந்தப் பிள்ளையின் மனநிலை பாதிக்கப்பட்டதே காரணம்.

ஆகவே நீதிபதியைக் குற்றம் சொல்வதைவிட, பிள்ளையின் நிலைமை எப்படி மாறியிருக்கிறது என்று காட்டுவது பல நேரம் வேகமாகப் பலன் தரும். பள்ளி வருகைப் பதிவு, மதிப்பெண் அட்டை, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வளைகுடாவில் இருக்கும் தகப்பன், வீடியோ அழைப்பில் பிள்ளையோடு பேச உத்தரவு கேட்கலாம். 2020-லேயே உச்ச நீதிமன்றம் இதற்கு வழிகாட்டியிருக்கிறது.

நீதிபதியைத் திட்டி வாட்ஸ்அப்பில் எதுவும் போடாதீர்கள். அவமதிப்பு வழக்கு வரலாம், பிள்ளையின் பெயரும் ஊர் முழுக்கப் பரவும்.

செலவுக்கு? பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. ஆண்களுக்குப் பொதுவாக வருமானத்தைப் பார்ப்பார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பேசும்போது தீர்ப்புத் தேதியை முதலில் சொல்லுங்கள்.