கத்தாளைக்கு என்ன வயது?

தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கடல்மீன் வருகிறதல்லவா? வீட்டில் கத்தாளை வாங்கினால், குழம்பில் வெந்த தலையை மெல்லப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வெள்ளைக் கற்கள் கிடைக்கும். அவை மீனின் காதுக்கற்கள். பெரும்பாலான மீன்களுக்கு உள்காதில் இத்தகைய கற்கள் மூன்று ஜோடி உண்டு. கத்தாளையில் ஒரு ஜோடி நன்றாகப் பெருத்திருக்கும். ஒலி கேட்கவும் சாயாமல் நீந்தவும் இவை வேண்டும்.

கால்சியம் கார்பனேட்டால் ஆன இந்தக் கல்லின்மேல், மீன் உயிரோடிருக்கும்வரை படலம் படிந்துகொண்டே போகும். குளிர்நாட்டுக் கடல்களில் கோடையில் ஒருவிதமாகவும் குளிர்காலத்தில் வேறுவிதமாகவும் படியும். அந்த வளையங்களை எண்ணி, 1899-இல் ரெய்பிஷ் என்ற ஜெர்மானியர் மீனின் வயதைக் கணித்தார்.

நம் கடலிலோ ஆண்டு முழுதும் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. அதனால் ஆண்டு வளையம் பல மீன்களில் தெளிவாக இருக்காது. 1971-இல் பன்னெல்லா என்ற அறிஞர் இன்னும் நுணுகிப் பார்த்தார். நாளுக்கு ஒன்றாக மெல்லிய கோடுகள் இருந்தன! கல்லைத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து எண்ண வேண்டும். குஞ்சு மீன்களுக்கு இது அருமையான வழி.

இன்னொரு வழி, அளவுகோல். உங்கள் பள்ளியில் ஒன்றாம், ஐந்தாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் கலந்து நிறுத்தி உயரம் அளந்தால், மூன்று கூட்டமாகப் பிரிந்து தெரியும் அல்லவா? மீனும் அப்படித்தான். ஒரே பருவத்தில் பொரித்தவை ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். மாதாமாதம் நூற்றுக்கணக்கில் அளந்தால், அந்தக் கூட்டம் எவ்வளவு வளர்ந்தது என்று புரியும். சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னலும் ராமசாமி நாயுடுவும் இப்படி மத்தி மீனின் வாழ்க்கையை ஆராய்ந்து 1920-களில் எழுதினார்கள். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இன்றும் மீன்பிடித் துறைமுகங்களில் அளவுகோலோடு நிற்கிறார்கள். நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

வயது தெரிந்தால்தான் ஒரு மீன் முட்டையிட்டிருக்குமா என்று சொல்ல முடியும். வலைக்கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்யலாம். மீன்கள் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. ஆனால் மற்ற மாதங்களில் குஞ்சுகள் வலையில் விழுகின்றனவே!

உருவத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். விரல் நீள நெத்திலி வளர்ந்த மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய சீலா விரல் நீளத்தில் விற்பனைக்கு வந்தால் அது குஞ்சு. அதை வாங்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.