நூறாவது இடம் யாருக்கு?

முகத்துவாரக்குப்பத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடக்கப்போவதாக வைத்துக்கொள்வோம். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம். வெயிலும் உப்புக்காற்றும் கண்ணை விட்டுவைக்காத ஊர். வருவது ஒரே டாக்டர், பார்க்க முடிவது நூறு பேர். இளைஞர்கள் சிலர் ஆன்லைன் படிவம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுகிறார்கள். பெயர், வயது, போன் நம்பர், எந்தக் குப்பம், கீழே ஒரு பொத்தான். இதில் என்ன பெரிய அறிவியல் என்று தோன்றும். 99 பேர் பதிந்து முடிக்கிற வரைக்கும் ஒன்றுமில்லைதான்.

இப்போது தாழங்குப்பத்தில் ஒருவரும் ராயபுரத்தில் ஒருவரும் ஒரே நேரத்தில் பொத்தானைத் தட்டுகிறார்கள். எங்கோ இருக்கிற சர்வர் முதல் ஆளுக்காகக் கணக்கைப் பார்க்கிறது: 99. இடம் இருக்கிறது. அதை எழுதி முடிப்பதற்குள், ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில், இரண்டாவது ஆளுக்காகவும் பார்க்கிறது: அப்போதும் 99தான். இருவருக்கும் ‘பதிவாகிவிட்டது’ என்று பதில் போகிறது. இருவருக்காகவும் 100 என்றே எழுதப்படுகிறது. கணக்கில் 100, வாசலில் 101 பேர். எந்த மெஷினும் பழுதாகவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இருந்த அந்தச் சந்துதான் வினை.

அடைக்கும் வழி கேட்பதற்கு எளிது. ‘எண்ணிக்கை நூறுக்குக் கீழே இருந்தால் மட்டும் ஒன்றைக் கூட்டு’ என்று பார்ப்பதையும் எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே கட்டளையாக்கிவிட வேண்டும். அது முடிகிற வரை அந்த எண்ணிக்கை உள்ள வரியை வேறு யாரும் மாற்றாதபடி சர்வரில் உள்ள தரவுத்தளம் பூட்டிவைக்கும். பாதியில் கரண்ட் போனால் எதுவுமே நடக்காத பழைய நிலைக்குத் திரும்பும். முழுதாக நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது. இதற்குப் பரிவர்த்தனை என்று பெயர். ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, சினிமா சீட்டு எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

இதற்கு இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. 1970களில் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபோது தொடங்கிய வேலை. 1998இல் டூரிங் விருது பெற்றார். கடல்காரர்கள் ஊரைப் பற்றி எழுதும்போது அவர் முடிவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2007 ஜனவரி 28 அன்று தாயின் அஸ்தியைக் கரைக்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்ப்படகில் தனியே புறப்பட்டார். திரும்பவில்லை. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஆன்லைனில் செயற்கைக்கோள் படங்களைப் பங்குபோட்டுத் தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

கணக்கு சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 முதல் 44 வயது வரையானவர்களுக்குக் கோவின் தளத்தில் கொரோனா தடுப்பூசிப் பதிவு திறந்தது. அன்று மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பதிந்தார்கள். நம் நாடு பார்த்த பெரிய பதிவுப் படிவங்களில் அதுவும் ஒன்று. பிறகு ஊசிக்கான நேரங்கள் திறக்கத் திறக்க, நொடிகளில் காணாமல் போயின. காலி இடம் வந்ததும் போனுக்குத் தகவல் அனுப்புகிற நிரல்களைக் கெட்டிக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். மெஷினைப் பொறுத்தவரை நேர்மை குறையவில்லை: முதலில் வந்தவருக்கு முதலில். ஆனால் முதலில் வர எது தேவைப்பட்டது? நல்ல நெட், சும்மா இருக்கிற விரல், இங்கிலீஷ். 2021 ஜூன் தொடக்கத்தில் தளத்தில் இந்திய மொழிகள் பல சேர்ந்தபோது முதலில் தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே வந்தது. போன் நம்பர்தான் அடையாளமாக இருந்தது, ஓடிபி வந்தால்தான் கதவு திறந்தது. வீட்டில் இருப்பது ஒரே போன், அது ஃபைபர் படகோடு கடலுக்குப் போயிருந்தால் ஓடிபியும் கடலுக்குத்தான் போகும். மே 24 முதல் நேரில் வந்து பதியவும் வழி விடப்பட்டது. மே 31 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தை மட்டுமே நம்பிய ஏற்பாடு யார் யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேள்வி எழுப்பியது.

தமிழ் சேர்ந்தாலும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. ‘முகத்துவாரக்குப்பம்’ நம் கணக்கில் 11 எழுத்து. கம்ப்யூட்டர் அகர எழுத்தையும் புள்ளியையும் கொம்பையும் தனித்தனிக் குறியாக வைத்துக்கொள்கிறது. அப்படி 19 குறிகள். இணையத்தில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 57. இங்கிலீஷ் எழுத்துக்கு 1 பைட் போதும் என்று நினைத்தவர் ஊர்ப் பெயருக்கு 50 பைட் ஒதுக்கியிருந்தால், ‘முகத்துவாரக்குப்’ வரை வந்து அடுத்த எழுத்து பாதியில் உடையும். பட்டியலில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி உட்கார்ந்திருக்கும். ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்கிற கட்டத்தில் இனிஷியலை வைத்து நாம் படும் பாடு தனிக்கதை.

பாடு என்றதும் பழவேற்காடு நினைவுக்கு வருகிறது. எண்ணூருக்கு வடக்கே உள்ள அந்த ஏரியில் இறால் பிடிக்க நல்ல இடங்கள் கொஞ்சம்தான், வலை போட ஆட்கள் ஏராளம். அங்கே தலைமுறைகளாக ‘பாடு’ என்கிற முறை இருந்துவருகிறது. உரிமையுள்ள தலைக்கட்டுகளின் பட்டியல் உண்டு. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைச் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் தீர்ப்பார்கள். விடியுமுன் ஓடிப்போய் இடம் பிடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பட்டியலில் சாதி பார்த்துத்தான் ஆள் சேர்த்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அதை எதிர்த்து வழக்கே நடந்திருக்கிறது. ஆனாலும் வேகத்துக்குப் பரிசு கொடுக்காத அந்த ஏற்பாட்டில், படிவம் தயாரிப்பவர்கள் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்குத் தமிழ்நாட்டில் இப்படித்தான் செய்கிறார்கள். ஆன்லைனில் விண்ணப்பம், இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல். முதல் நாள் பதிந்தாலும் கடைசி நாள் பதிந்தாலும் வாய்ப்பு ஒன்றுதான்.

நம் கண் முகாமுக்கும் படிவத்தை மூன்று நாள் திறந்துவைத்துக் கடைசியில் குலுக்கலாம். பெயர் வராதவர்களைக் குலுக்கிய வரிசையிலேயே காத்திருப்புப் பட்டியலில் வைக்கலாம். இலவசம் என்றால் பதிந்துவிட்டு வராதவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். போன் இல்லாத ஆயாக்களுக்காக வலை பின்னுகிற இடத்தில் ஒருவர் நோட்டோடு உட்காரலாம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நோட்டிலும் படிவத்திலும் ஒரே நூறு இடத்தைத் தனித்தனியாக எழுதினால், மெஷினில் அடைத்த சந்து காகிதம் வழியாகத் திறந்துகொள்ளும். நோட்டில் உள்ளதை உடனுக்குடன் படிவத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் முன்கூட்டியே நோட்டுக்கு 30, படிவத்துக்கு 70 என்று பிரித்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் வருமுன் ரயில்வே ஒரே வண்டியின் படுக்கைகளை ஸ்டேஷனுக்கு இவ்வளவு என்று கோட்டா பிரித்துச் சமாளித்தது இந்த வழியில்தான்.